கடை ஏறிய மன்மதன்

வேங்கைமங்கலத்து மன்னர் கோப்பெருநம்பிக்குத் திடீரென்று மண் பிசையும் ஆசை வந்துவிட்டது. அரசருக்கு ஆசை வந்தால் அவையிலிருப்பவர்களுக்குத்தான் அவதி. மூன்று மாதம் நாட்டை மறந்து உட்கார்ந்து, தம் கையாலேயே நூறு மன்மதன் பொம்மைகள் செய்து, சூளையில் சுட்டெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் முட்டைக்கண், கோணல் வாய், தொங்கிய நாக்கு. அந்த நாக்கைத்தான் மன்னர் புன்னகை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவன் சாத்தையன். மன்னர் அவனைக் கூப்பிட்டார்.

"இவற்றைக் கடைத்தெருவில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வா. நான் செய்தது என்று மூச்சுவிடக் கூடாது. கடைக்காரன் தானாக விரும்பி வாங்க வேண்டும்."

"வாங்காவிட்டால், அரசே?"

"நூறும் உன் வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும்."

சாத்தையனின் மனைவி பொன்னாச்சி ஒரே ஒரு பொம்மையைத்தான் பார்த்தாள். உடனே துணிமூட்டையைக் கட்டிவிட்டாள்.

"இதுங்க உள்ள வந்தா நான் வெளிய போறேன். எங்கம்மா வீட்டுக்கு வழி தெரியும்ல?"

சாத்தையனுக்கு மனைவி என்றால் உயிர். கொஞ்சம் பயமும் உண்டு. மறுநாள் காலையிலேயே வண்டியைப் பூட்டிக்கொண்டு பொம்மைக் கடைகளுக்குப் போனான்.

"ரெண்டு வச்சுட்டுப் போங்க, வித்தா பாக்கலாம்" என்றார் முதல் கடைக்காரர். அவர் வாய் மூடுவதற்குள் கடையில் நின்ற குழந்தை வீறிட்டது. "அந்த ரெண்டும் வேணாம், எடுத்துக்குங்க."

அடுத்த கடையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறதாம். மூன்றாவது கடைக்காரர் வண்டியைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்.

சாத்தையன் சோர்ந்துபோய், கயிறோடு திருஷ்டிச் சாமான்களும் விற்கும் ஒரு கயிற்றுக்கடை நிழலில் வண்டியை நிறுத்தினான். அங்கே புது வீடு கட்டுகிற ஒருவர், கடைக்காரர் சுடலைமுத்துவிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"திருஷ்டிக்குக் கட்டுன பூசணிக்கா இந்தத் தடவையும் அழுகி, கொத்தனார் தலையில விழுந்துருச்சு அண்ணாச்சி. அழுகாத மாதிரி ஒண்ணும் இல்லையா?"

சாத்தையன் ஒரு மன்மதனைத் தூக்கிப் பிடித்தான். வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். பிறகு முகம் மலர்ந்து, "இதுதாங்க! இதேதான்!" என்று கத்தினார்.

சுடலைமுத்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் இறக்குங்க. வடக்குத் தெருவுல என் மச்சானும் கயித்துக்கடை வச்சிருக்கான், அவனுக்கும் வேணும். சரக்கு மாசாமாசம் வருமா?"

பொன்னாச்சி மூட்டையை அவிழ்த்தாள்.

பத்து நாள் கழித்து மன்னர் நகர்வலம் கிளம்பினார். சாத்தையனும் கூடப் போக வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வீடு மன்மதன் கயிற்றில் தொங்கினான். கழுத்தில் எலுமிச்சையும் மிளகாயும் வேறு.

"சாத்தையா! என் மன்மதனைத் திருஷ்டி பொம்மை ஆக்கிவிட்டாயா?" மன்னரின் மீசை துடித்தது.

"அரசே, பார்க்கிறவர் கண்ணை வீட்டின்மேல் விழாமல் இழுப்பதுதானே திருஷ்டி பொம்மையின் வேலை? அழகு இருக்கும் இடத்துக்குத்தானே கண் போகும்? தங்கள் மன்மதனைப் பார்த்தவர் அப்புறம் வேறு எதையும் பார்ப்பதில்லை."

கடைசியாகச் சொன்னது முழு உண்மை. மன்னர் குளிர்ந்துபோனார்.

"அப்படியா! சரி, நாளையிலிருந்து மன்மதனுக்கு ஜோடியாக ரதி நூறு. யாரைப் பார்த்துச் செய்யலாம்?"

சாத்தையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டான்.

"ரதி என்றால் மகாராணியாரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், அரசே. செய்து முடித்ததும் முதல் பொம்மையைத் தாங்களே அவர்கள் கையில் கொடுத்து, 'இது நீதான்' என்று சொல்லுங்கள்."

மன்னர் பக்கத்து வாசலை அண்ணாந்து பார்த்தார். மன்மதன் நாக்கைத் தொங்கப்போட்டபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தான். மன்னர் வெகுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார்.

"சூளையை இன்றைக்கே இடிக்கச் சொல்" என்றார்.