வாசல்வரை ஓடித் திரும்பிய சென்னியப்பர்

சங்ககிரிக்குப் போகும் சாலையோரத்து லாரிப் பட்டறை ஒன்றில், முப்பத்தாறு வயதில் டீசல் மெக்கானிக் வேலை கற்கச் சேர்ந்தவர் சென்னியப்பர். அதுவரை விசைத்தறி ஓட்டியவர்; தறிக்கூடத்தை மூடிவிட்டதால் இங்கே வந்தார். காலையில் முதல் ஆளாக வந்து தரையைக் கூட்டுவார். சோப்புப் போட்டு மூன்று தரம் கைகழுவிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பலகைக்கு ஒரு செம்பருத்தி வைப்பார். அந்தப் பலகையில் சிவபெருமான் படம் ஒட்டியிருந்தது. அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார்.

அடியார் என்றதும் அஞ்சா நெஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் சரியான பயந்தாங்கொள்ளி! ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கடியில் படுத்தால் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எஞ்சின் உறுமினால் இரண்டடி பின்னால் போவார். பயத்தை அடக்க, எந்த வேலைக்கும் ஐந்தெழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். ஆயில் ஊற்றினால் ஒரு லிட்டர் குவளைக்கு ஓர் எழுத்து. இரண்டு சுற்று ‘நமசிவாய’ சொன்னால் பத்து லிட்டர். நடுவில் வேறு பேச்சு வந்துவிட்டால் ஜபம் கெட்டது என்று மறுபடி ‘ந’விலிருந்து தொடங்குவார்.

தலைமை மேஸ்திரி பொன்னுரங்கத்துக்கு இவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. வாய்தான் அப்படி, கெட்ட மனிதர் அல்லர். அன்று பகல் ஒரு லாரியின் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாகப் பத்து லிட்டர் ஊற்றச் சொல்லியிருந்தார். ஏழாவது குவளை இறங்கியபோது அந்தப் பக்கமாக வந்தார்.

“ஏனுங்க சாமி, எஞ்சினுக்கு அபிஷேகம் நடக்குதுங்களா? தீவாராதனை எப்பங்க?”

“இல்லீங்க மேஸ்திரி, ஆயிலுதான் ஊத்தறனுங்க” என்றார் சென்னியப்பர், வெட்கத்தோடு.

பேச்சு வந்துவிட்டதே! மறுபடி ‘ந’ என்று தொடங்கினார். நாக்கு முதலிலிருந்து தொடங்க, கையும் கூடவே முதலிலிருந்து தொடங்கியது. உள்ளே போன ஏழு லிட்டரை மறந்தே போனார். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐயோ, பார்க்கவில்லை!

மேஸ்திரி கசிவு பார்க்க லாரிக்கடியில் இருந்த குழிக்குள் இறங்கினார். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். சற்று நேரம் ஒழுங்காக ஓடிய எஞ்சின், யாரும் மிதிக்காமலே வேகமெடுத்தது. ஓட்டுநர் சாவியை அணைத்தும் நிற்கவில்லை. அளவுக்கு மீறிய ஆயில் காற்றோடு கலந்து உள்ளே ஏற, டீசல் இல்லாமலே அதை எரித்துக்கொண்டு எஞ்சின் அலறியது. பட்டறை முழுக்க வெண்புகை. “வெடிக்கப் போவுது, ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் குதித்தார். எல்லாரும் ஓடினார்கள். சென்னியப்பரும் ஓடினார், உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

மேஸ்திரியால் மட்டும் ஓட முடியவில்லை. லாரி குழியை முழுக்க மூடி நின்றது. ஏறிவரும் படிகள் எஞ்சினுக்கு நேர் கீழே. “காத்தை அடைங்க! யாராச்சும் காத்துக் குழாயை அடைங்க!” என்ற குரல் குழிக்குள்ளிருந்து வந்தது.

வாசலில் நின்ற சென்னியப்பருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழும் பத்தும் பதினேழு! ஐந்தெழுத்தைச் சொல்லப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்தும் வரவில்லை. வாய் மூடியபடியே திரும்பி உள்ளே ஓடினார்.

சுத்தம் செய்வதற்காக வடிகட்டியைக் கழற்றி வைத்திருந்ததால் காற்றுக் குழாயின் வாய் திறந்து கிடந்தது. துணியை வைத்தால் எஞ்சின் இழுத்து விழுங்கிவிடும். சுற்றிலும் பார்த்தவரின் கண்ணில் பட்டது சுவரிலிருந்த அந்தப் பலகை ஒன்றுதான். கையெல்லாம் ஆயில். “அப்பனே, மன்னிச்சுருங்க!” என்று அலறிப் பிடுங்கினார். குழாயின் வாயில் அதை வைத்து நெஞ்சால் அழுத்திக்கொண்டார். எஞ்சின் இரண்டு முறை குலுங்கி, மூச்சற்று நின்றது.

இருமிக்கொண்டே மேலேறி வந்த மேஸ்திரியின் காலடியில் சென்னியப்பர் உட்கார்ந்துவிட்டார். “நாந்தானுங்க. பதினேழு லிட்டர் ஊத்திப்போட்டனுங்க. என்னை வேலையை விட்டு அனுப்பிச்சுருங்க.”

மேஸ்திரி அவரைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தினார். “எண்ணிட்டிருந்தவரைக் கேலி பேசிக் கெடுத்தவன் நானுங்க. நாளைக்கு வாங்க. கம்பியைப் பாத்துப்போட்டு அப்பறம் சாமியைக் கூப்புடுங்க” என்றார்.

வேலை பிழைத்தது. பயம் விட்டதா? படத்தின் மேல் கறுப்பாய் ஒரு வளையம் பதிந்திருந்தது. கடவுளைப் போய்க் குழாயில் வைத்து நசுக்கினோமே என்று மனம் பதைத்தார். அன்று பிரதோஷம். மாலையில் கோயிலுக்குப் போனவர், கொடிமரத்தின் மறைவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நந்தி வாகனம் கொடிமரத்தருகே வந்தபோது, முன்னால் சுமந்தவருக்குக் கால் பிசகிற்று. இறைவன் அங்கேயே நின்றுவிட்டார். குருக்கள் சுற்றிலும் பார்த்துச் சென்னியப்பரை அழைத்தார்.

“என் கை ஆகாதுங்க சாமி” என்று நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார் அவர்.

“நஞ்சையே கண்டத்துல வச்சுண்டவர் அவர். உங்க ஆயில் அவரை என்ன பண்ணிடும்? நீங்க நிக்கற எடத்துலேயே வந்து நின்னுட்டாரே, தோள் குடுங்கோ” என்றார் குருக்கள்.

சென்னியப்பர் சட்டையைக் கழற்றிவிட்டு வாகனத் தண்டைத் தோளில் ஏற்றினார். அப்போதும் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நடுக்கத்தோடே அசைந்தசைந்து, எம்பெருமான் பிராகாரம் முழுவதும் பவனி வந்தார். அஞ்சி ஓடியும் திரும்பி வந்த அந்த அன்பருக்கு நம் கைகள் தாமே குவியட்டும்.