எல்லாருக்கும் முழு அனுமதி கொடுத்த கரடி

கொம்பன்மலைக் காட்டில் விலங்குகள் தங்கள் விவரங்களை எல்லாம் ஒரு மேகத்திடம் கொடுத்து வைத்திருந்தன. எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது, எந்த மரம் பழுத்திருக்கிறது, யாருடைய கூடு எங்கே இருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். மலைமேல் நாலு பக்கமும் பரந்து அது எப்போதும் நின்றுகொண்டிருக்கும். மலையேறிக் குரல் கொடுத்தால் போதும். கேட்டவர் காதில் மட்டும் விழும்படி பதில் சொல்லும்.

கூடுகளின் விவரம் எதற்கு? காட்டுத்தீ வந்தால் யானைகள் ஓடிப்போய்க் குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டுமே, அதற்குத்தான்.

ஆனால் மேகத்துக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. குரலை வைத்து ஆளை அடையாளம் காணும். அவருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று பார்க்கும். அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றியும் பழத்தைப் பற்றியும் யாரும் கேட்கலாம். கூடுகளைப் பற்றி யானைகள் மட்டுமே கேட்கலாம். அவரவர் கூட்டின் விவரத்தை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் செய்வதற்கும், பிறருக்கு அனுமதி கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் முழு அனுமதி வேண்டும். அது கரடியிடம் மட்டும் இருந்தது.

கரடி நல்லவன்தான். ஒரே ஒரு குறை. யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவனால் தாங்க முடியாது.

முதல் மழைக்கு மயில் வந்து ஆடியது. பரிசாகக் கொடுக்கக் கரடி ஒரு தேனடை கொண்டுவந்திருந்தான். வரும் வழியிலேயே அதைத் தின்றும் விட்டான். இப்போது என்ன செய்வது? காடே பார்த்துக்கொண்டிருந்தது.

“மயிலாரே, உம் ஆட்டத்தை மெச்சி மேகத்தின் முழு அனுமதியைத் தருகிறேன்!” என்றான் கரடி.

“அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும்?”

“ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா வைத்துக்கொள்ளும். பெருமைதானே!”

மயில் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் குரங்கு வந்தது. “ஏன் அண்ணே, மயிலுக்கு உண்டு, எனக்கு இல்லையா? நான் என்ன கிள்ளுக்கீரையா?”

கரடி குரங்குக்கும் கொடுத்தான். காட்டெருமை வந்து பெருமூச்சு விட்டது. அதற்கும் கொடுத்தான். மரங்கொத்தி, மான், ஆந்தை என்று வரிசை நீண்டது. கடைசியாக மலை உச்சிப் பாறையின் அடியில் குட்டையில் கிடந்த தவளைகூட, “எங்களை எல்லாம் யார் மதிக்கிறார்கள்!” என்று கண்ணைக் கசக்கியது. அதற்கும் முழு அனுமதி கிடைத்தது.

மூங்கில் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்த காட்டுக்கோழி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு முட்டைகளைப் பற்றிய கவலையே போதுமானதாக இருந்தது.

கடைசியில் உடும்பு வந்தான். முட்டை என்றால் அவனுக்கு உயிர்.

“எனக்கும் அந்தப் பெருமையைக் கொடேன், கரடியண்ணே!”

“உனக்கா? உன் வாயில் எச்சில் வழிகிறதே, முதலில் அதைத் துடை! உன்னை முட்டைப் பக்கம் விடமாட்டேன் என்று காட்டுக்கோழிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கு மட்டும் கிடையாது. போ!”

கரடி தன்னை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டான். எவ்வளவு கண்டிப்பு!

உடும்பு நேராகத் தவளையிடம் போனான்.

“தவளையாரே, ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. சொன்னால் வருத்தப்படக் கூடாது.”

“என்ன பேச்சு?”

“உமக்குக் கொடுத்த முழு அனுமதி வெறும் பேச்சுக்குத்தானாம். மயில் சொல்லிச் சிரிக்கிறது. ‘அந்தத் தவளையால் ஒரு ஈக்காவது அனுமதி கொடுக்க முடியுமா?’ என்று கேட்கிறது.”

“என்னால் முடியாதா!” தவளைக்குத் தொண்டை பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. “ஏ மேகமே! இதோ நிற்கும் உடும்புக்கு முழு அனுமதி கொடு!”

“கொடுத்தாயிற்று” என்றது மேகம்.

“பார்த்தாயா? போய்ச் சொல் அந்த மயிலிடம்!” என்று தவளை தண்ணீரில் குதித்தது.

உடும்பு பாறைமேல் ஏறினான். முட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தன்னைத் தடுக்கக்கூடியவர்களை ஒழிக்க வேண்டும்.

“கரடியின் முழு அனுமதியைப் பறி!”

“பறித்தாயிற்று.”

“மயிலின் முழு அனுமதியைப் பறி!”

“பறித்தாயிற்று.”

ஆகா, என்ன சுகம்! உடும்பு ஒவ்வொரு பெயரையும் ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரடி மலையேறி வந்தான். “மேகமே, இன்றைக்கு யார் யாருக்கு அனுமதி இருக்கிறது?” என்று கேட்டான்.

“அதைக் கேட்க உனக்கு அனுமதி இல்லை.”

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தான். பாறைமேல் உடும்பு கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். கீழே குட்டையில் தவளை, “உடும்புக்கே அனுமதி கொடுத்தவன் நான்!” என்று பீற்றிக்கொண்டிருந்தது. கரடி உருண்டு புரண்டு காட்டுக்கோழியிடம் ஓடினான்.

“கோழியக்கா! உடும்புக்கு முழு அனுமதி கிடைத்துவிட்டது!”

“யார் கொடுத்தது?”

“தவளை.”

“தவளைக்கு யார் கொடுத்தது?”

கரடி தன் கால் நகங்களைப் பார்த்தான்.

“குஞ்சு பொரிக்கும் நேரத்தில் முட்டைகளை எங்கே உருட்டிக்கொண்டு போவேன்?” என்று கோழி பதறினாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். “இங்கேயே காவல் நில். நான் மேகத்திடம் போய்வருகிறேன்.”

“அதுவரை நான் வேண்டுமானால் அடைகாக்கட்டுமா அக்கா?”

“நீ உட்கார்ந்தால் ஆம்லெட்தான்! தள்ளியே நில்!”

கோழி மலையின் மறுபக்கமாக ஏறினாள். பாறைப் பக்கம் உடும்பின் ராகம் இன்னும் முடியவில்லை. “மேகமே, என் கூட்டின் விவரத்தை மாற்ற வேண்டும்” என்றாள் மெல்லிய குரலில்.

“உன் கூடு. உனக்கு அனுமதி உண்டு. சொல்.”

பெரிய அனுமதிகளைப் பறிப்பதிலேயே குறியாக இருந்த உடும்புக்கு இந்தச் சின்ன அனுமதி கண்ணில் படவில்லை.

“என் கூடு தெற்குச் சரிவில், புற்றுக்குப் பக்கத்து வளைக்குள் இருக்கிறது.”

“மாற்றியாயிற்று.”

கொஞ்ச நேரத்தில் உடும்பின் பாட்டு முடிந்தது. “இனி நான்தான் ராஜா! காட்டுக்கோழியின் கூடு எங்கே?” என்றான்.

மேகம் பணிவாகப் பதில் சொன்னது. உடும்பு ஒரே ஓட்டமாகத் தெற்குச் சரிவுக்கு ஓடி, வளைக்குள் தலையை நுழைத்தான்.

உள்ளே முள்ளம்பன்றி முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

“யாரடா அது, பட்டப்பகலில்? என் விலாசத்தை உனக்கு எவன் கொடுத்தான்?” என்று அது முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தது.

வெளியே வந்த உடும்பின் மூக்கு ஊசி குத்திவைத்த பஞ்சுத் திண்டுபோல் இருந்தது. கோழி எதிரே நின்றாள்.

“அக்கா! உங்கள் அலகால் இந்த முட்களைப் பிடுங்கிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!”

“பிடுங்குகிறேன். முதலில் முழு அனுமதியைக் கரடியிடம் திருப்பிக் கொடு. உன்னுடையதைப் பறிக்கச் சொல்.”

“முதலில் முள், பிறகு அனுமதி!”

“அப்படியா? சரி, வருகிறேன்.”

“ஐயோ, அக்கா! போகாதீர்கள்!”

உடும்பு முனகிக்கொண்டே மலையேறிச் சொன்னான். “கொடுத்தாயிற்று. பறித்தாயிற்று” என்றது மேகம், அதே குரலில். கோழி முட்களைப் பிடுங்கினாள். ரொம்ப மென்மையாக ஒன்றும் பிடுங்கவில்லை. பிறகு தன் கூட்டின் விவரத்தைச் சரியாக மாற்றிவிட்டு முட்டைகளிடம் ஓடினாள்.

கரடி எல்லா அனுமதிகளையும் பழையபடி ஆக்கினான். மயிலுக்கு வந்ததே கோபம்! “என் பெருமை என்ன ஆவது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரடியின் மனம் இளகத் தொடங்கியது. புதருக்குள்ளிருந்து கோழி ஒரு கனைப்புக் கனைத்தாள்.

கரடி அவசர அவசரமாகக் காட்டுப் பூக்களைப் பறித்து மாலை கட்டி மயிலின் கழுத்தில் போட்டான். உடனே குரங்கு வந்தது. காட்டெருமை வந்தது. எல்லாருக்கும் மாலை கிடைத்தது. தவளைக்குப் போட்ட மாலையில் தவளையையே காணவில்லை. உள்ளேயிருந்து “ஆகா, ஆகா!” என்ற சத்தம் மட்டும் வந்தது.

ஒருவரைப் பெருமைப்படுத்த மாலை போடலாம், ஆனால் அனுமதியை அவரவர் வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.