ஆறாவது ஆணி

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். பட்டறைச் சுவரில் ஆறு ஆணிகள். ஐந்தில் ஏதோ ஒன்று தொங்கியது. கடிகாரம், மோதிரம், கைச்சங்கிலி. ஆறாவது ஆணி காலி. அதற்கு மேலே சாக்பீஸில் எழுதியிருந்த பெயர் ஏகாம்பரம்.

பட்டறை திருச்சி பாலக்கரையில் இருந்தது. நடத்தியவர் திலகவதி. வாரம் முழுக்க அங்கே ஸ்பீக்கர் பெட்டி செய்வார்கள். சனிக்கிழமை மட்டும் மரவேலை வகுப்பு. ஆறு பேர் படித்தார்கள். ஆறு பேரில் மூத்தவர் ஏகாம்பரம், வயது அறுபத்தொன்று. ஆசிரியை அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ஏகாம்பரம் அவரை டீச்சர் என்றார். திலகவதி அவரை சார் என்றார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருக்கவில்லை.

ஏகாம்பரம் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வண்டியில் ஏறினால் கடைசி இருக்கையிலிருந்து ஆரம்பிப்பார். தூங்குகிறவரை முதலில் எழுப்புவார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. மச்சினன் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரை இனாமாகக் கொடுத்தபோது, "சும்மா தர்றானே, என்ன கோளாறோ" என்று மூன்று மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

மச்சினன் கொடுத்தது பாதிதான். சுழலும் தட்டு, மோட்டார், ஊசி பிடித்த கை, இவற்றைத் தாங்கும் இரும்புத் தகடு. அடிப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. அந்தப் பெட்டியைத் தானே செய்வது என்று ஏகாம்பரம் வகுப்பில் சேர்ந்தார். வெளியே செய்யக் கொடுத்தால் உள்ளே என்ன மரம் வைப்பார்களோ என்ற பயம்.

முதல் நாளே திலகவதி விதியைச் சொன்னார்.

"கடிகாரம், மோதிரம், வளையல், எல்லாத்தையும் கழற்றி ஆணியில மாட்டிருங்க. ரம்பத்துல மாட்டினா கையோட போகும்."

ஏகாம்பரம் சுவரைப் பார்த்தார். ஆணிகள் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தன. வாசல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது.

"மோதிரம் விரலை விட்டு வராது டீச்சர். இருபது வருஷமா இறுகிக் கிடக்கு."

"சோப்பு போட்டா வரும்."

"போட்டுப் பாத்தாச்சு."

"சரி, அதுமேல டேப் சுத்திக்குங்க. கடிகாரம்?"

"கட்டுறதில்லை."

சட்டை முழுக்கை. இடது மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தது. அதற்குள்ளே, தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குப் பலாமரம் நல்லது என்று சொன்னவர் சவரிமுத்து. பட்டறைக்கு மரம் பார்த்து வாங்குவதும் பாலிஷ் போடுவதும் அவர் வேலை. பதினோரு வருடமாக அங்கே இருந்தார். ஐம்பதைத் தொட்டவர், யாரையும் கிண்டல் செய்யாமல் அரை மணி நேரம் இருக்கமாட்டார். பலகையைத் தோளில் சுமந்து வந்து ஏகாம்பரத்தின் முன்னால் போட்டு, "செக்கர் சார், பலகை ஏறியாச்சு. டிக்கெட் கேட்டுக்குங்க" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் பலகையின் நான்கு முனைகளையும் முகர்ந்து பார்த்தார்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். பலகை அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் கிடந்தது. அதை அவர் மறக்கவில்லை.

ஆறு சனிக்கிழமைகளில் பெட்டி உருவானது. மூலைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்தார். இரண்டு தடவை கோணலாகி, இரண்டு தடவை பிரித்தார். அடியில் பலகை ஒட்டி, நான்கு ரப்பர் கால் வைத்தார். இரும்புத் தகடு மேலே கச்சிதமாக உட்கார்ந்தது. திலகவதி சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 13 அன்று சோதனை வைத்தார்கள். அந்தப் பட்டறையில் அதற்கு ஒரு முறை இருந்தது. தட்டைச் சுழலவிடமாட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை மட்டும் வைத்து, ஒலியை முழுக்கக் கூட்டுவார்கள்.

"பாட்டு ஓடாம என்னத்தைக் கேக்குறது டீச்சர்?"

"பாட்டு எல்லாத்தையும் மறைச்சிரும் சார். சும்மா இருக்கும்போது பெட்டி என்ன பேசுதுன்னு கேக்கணும்."

திலகவதி விரலால் பெட்டியைத் தட்டினார். ஸ்பீக்கரில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. விரலை எடுத்தார். லேசான இரைச்சல் மட்டும்.

"நல்லாருக்கு. நீங்க கேளுங்க."

ஏகாம்பரம் பெட்டியின் இடது ஓரத்தில் கையை ஊன்றி, தலையைச் சாய்த்துக் கேட்டார். நிற்கும் பஸ்ஸின் பக்கவாட்டில் கை வைத்து எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பாரே, அப்படி.

டிக். டிக். டிக்.

மெல்லிய சத்தம். ஆனால் ஓயாத சத்தம். அவர் நிமிர்ந்தார்.

"கேட்டுச்சா?"

"என்னது சார்?"

திலகவதி வந்து குனிந்தார். ஏகாம்பரம் கையை எடுத்து அவருக்கு வழிவிட்டார். சத்தம் இல்லை.

ஏகாம்பரம் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். 'மணி 11.40. நான் கேட்டபோது உண்டு. அவர்கள் கேட்டபோது இல்லை.'

20ஆம் தேதியும் அதுவே நடந்தது. அன்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"உள்ள வண்டு இருக்கு டீச்சர். மரத்தைத் துளைக்கிற வண்டு. ஆள் வந்தா நிறுத்திடுது."

சவரிமுத்து பாலிஷ் துணியைக் கீழே வைத்தார். "வண்டு இருந்தா மாவு உதிரும் சார். மாவு எங்க?"

"துடைச்சிருப்பே."

"நான் எதுக்கு சார் துடைக்கணும்?"

"நான் காய்ச்சல்ல கிடந்த வாரம் பலகை இங்கதான் கிடந்துச்சு. நல்ல பலாவை எடுத்துட்டு, வண்டு விழுந்ததை வச்சிருக்கே."

பட்டறையில் உளி ஓசை நின்றது. சவரிமுத்து திலகவதியைப் பார்த்தார். ஏகாம்பரமும் அவர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இந்த ஆள் இங்க இருக்கக் கூடாது. இவன் இருந்தா நான் வரமாட்டேன். அது மட்டுமில்ல, உங்ககிட்ட பெட்டி வாங்குற எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார் ஏகாம்பரம்.

"அடுத்த சனிக்கிழமை பெட்டியை அறுத்துப் பாத்துருவோம். வண்டு இருந்தா சவரி அன்னைக்கே கணக்கு முடிச்சுக்கிட்டுப் போவாரு" என்றார் திலகவதி.

சவரிமுத்து துணியை எடுத்து மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

அந்த வாரம் அவர் தினமும் வேலைக்கு வந்தார். யாரையும் கிண்டல் செய்யவில்லை.

27ஆம் தேதி வட்ட ரம்பத்தின் மேல் ஏகாம்பரத்தின் பெட்டி இருந்தது. பக்கத்து மேசையில் ஸ்பீக்கர். தகடும் ஊசியும் இன்னும் கழற்றப்படவில்லை. மற்ற ஐந்து பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். சவரிமுத்து கதவோரம் நின்றார். காலில் செருப்பு மாட்டியிருந்தார்.

"சந்தேகம் உங்களோடது சார். நீங்கதான் அறுக்கணும்."

"அறுக்கிறேன்."

"கையை மடிச்சு விடுங்க. ரம்பத்துக்கு முழுக்கை ஆகாது."

ஏகாம்பரம் வலது கையை மடித்தார். மெதுவாக மடித்தார். பிறகு இடது கைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதையும்."

மடித்தார். வெயில் பட்டுக் கடிகாரக் கண்ணாடி மின்னியது. யாரும் சிரிக்கவில்லை.

"கடிகாரம் கட்டுறதில்லைன்னு சொன்னீங்க."

"பழைய கடிகாரம் டீச்சர். வித்தா நூறு ரூபா தேறாது."

"அப்ப ஆணியில மாட்டலாமே."

ஏகாம்பரம் கழற்றினார். சுவரருகே போய் ஆறாவது ஆணியில் மாட்டினார். திரும்பி வரும்போது இரண்டு தடவை பின்னால் பார்த்தார். கதவோரம் சவரிமுத்து நின்றதால் மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"தகட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கேட்டுக்குங்க."

திலகவதி ஊசியை இறக்கி ஒலியைக் கூட்டினார். ஏகாம்பரம் வழக்கமான இடத்தில் கையை ஊன்றினார். தலையைச் சாய்த்தார்.

இரைச்சல் மட்டும். அவர் கையை அழுத்தினார். மூச்சைப் பிடித்தார். அரை நிமிடம் ஆனது.

"இன்னைக்கு நிறுத்திடுச்சு."

"வண்டா?"

"ரம்பத்தைப் பாத்திருக்கும்."

ஐந்து பேரில் ஒருவர் இருமினார். திலகவதி தலையைத் திருப்பாமல் கூப்பிட்டார்.

"சவரி, ஆறாவது ஆணியில இருக்கிறதை எடுத்துட்டு வாங்க."

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. ஒரு அடி முன்னால் வந்தார். சவரிமுத்து கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். பத்தடி தூரம். ஏகாம்பரம் அந்தக் கையை மட்டுமே பார்த்தார்.

"சார் கை வைக்கிற இடத்துல வைங்க."

சவரிமுத்து வைத்தார்.

டிக். டிக். டிக்.

திலகவதி கடிகாரத்தை எடுத்தார். சத்தம் நின்றது. வைத்தார். வந்தது. மூன்றாவது தடவை செய்யவில்லை. ஒலியைக் குறைத்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"போன வாரம் தெரிஞ்சுது. உங்க கையோட வந்து, உங்க கையோட போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"அப்ப நீங்க சவரியைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

ஏகாம்பரம் கடிகாரத்தை எடுத்தார். கட்டிக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்திருந்தார். பெட்டியை ரம்பத்திலிருந்து நகர்த்தப் போனார். சவரிமுத்து அதன் மேல் கையை வைத்தார்.

"அறுங்க சார்."

"எதுக்கு?"

"இன்னைக்கு வீட்டுக்குப் போவீங்க. சாப்பிடுவீங்க. படுப்பீங்க. கடிகாரமும் அடிச்சுது, வண்டும் அடிச்சிருக்குமோன்னு யோசிப்பீங்க. எனக்கு அந்தத் தொந்தரவு வேணாம். அறுத்துப் பாத்துருங்க."

"வேணாம் சவரி."

"பலாவான்னு பாத்துக்குங்க."

"பலாதான்."

"உள்ள பாக்காமச் சொல்றீங்க."

"ஆமா."

சவரிமுத்து பெட்டியைத் தானே தூக்கிப் பாலிஷ் மேசைக்குக் கொண்டுபோனார். செருப்பைக் கழற்றிக் கதவோரம் விட்டார்.

"இதுக்கு மூணு பூச்சு வேணும் சார். அடுத்த வாரம் வந்து இறக்கிக்குங்க. டிக்கெட் தேவையில்லை."

யாரோ சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னாச் சரி" என்றார். சவரிமுத்துவை அவர் நீங்க என்றது அதுதான் முதல் தடவை.

பகல் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் தங்கள் ஆணியிலிருந்து எடுத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஏகாம்பரம் மட்டும் ஆறாவது ஆணி முன்னால் நின்றார். ஆணியிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளந்தார். திலகவதி தரையைப் பெருக்கிக்கொண்டே அங்கே வந்துசேர்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கதவு திறந்தே கிடக்கு. தெருவுல நூறு பேர் போறாங்க. இதுல மாட்டி, யாராவது எடுத்துட்டா?"

திலகவதி அவர் காலடியில் கிடந்த மரச்சீவலைக் கூட்டி எடுத்தார்.

"எடுத்தா கடிகாரம் போகும் சார்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஏகாம்பரம் வந்ததும் கடிகாரத்தை அந்த ஆணியில் மாட்டினார்.

2019 பிப்ரவரி 16, சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தபோது ஆறாவது ஆணியில் கடிகாரம் இல்லை. எடுத்தது யார் என்று தெரியவரவில்லை. பிப்ரவரி 23, காலை பத்து மணிக்கு ஆறு ஆணிகளிலும் ஏதோ ஒன்று தொங்கியது. ஆறாவதில், டேப் பசை ஒட்டிய ஒரு மோதிரம்.