பன்னிரண்டு வயதுவரை

கவிஞர் வைகுந்தநாதன் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பூட்டுதான் இருந்தது. அது புத்தக அலமாரியில் தொங்கியது. பன்னிரண்டு வயதுவரை குழந்தை கையில் புத்தகம் கூடாது, ஓடையும் மரமும் போதும் என்று ஐரோப்பிய ஞானி ஒருவர் எழுதியிருந்தார். கவிஞர் மனதில் அது ஒட்டிக்கொண்டது. அதையே பள்ளிக்குச் சட்டமாக்கிவிட்டார்.

சாவி சவரிராயன் வசம். கவிஞரைவிட ஆறு வயது மூத்தவர். கவிஞரின் எழுத்தைப் படித்துவிட்டுச் சீடராக வந்து சேர்ந்தவர். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக முப்பது வருடம் ‘படி, படி’ என்று பிரம்பைத் தூக்கி ஓய்ந்தவர், இப்போது ‘படிக்காதே’ என்று காவல் காத்து ஓய்ந்துபோயிருந்தார். இரண்டில் எது அதிக அலுப்பு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அன்று மத்தியானம் கவிஞருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்ன சார்வாள்?”

“இசக்கியம்மா என்கூடப் பேச மாட்டேங்கா, ஐயா. இன்னையோட நாலு நாளாச்சு.”

“ஒன்பது வயசுப் பிள்ளை. அதுக்கு என்ன கோபம்?”

“கடலை மடிச்ச காகிதத்தை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால ஒளிஞ்சு வாசிச்சுக்கிட்டிருந்தா. பிடுங்கிக் கிழிச்சிட்டேன்.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“யானை ஒண்ணு கிணத்துல விழுந்த செய்தி. பாதிதான் இருந்தது. யானை பிழைச்சுதா சார்னு கேட்டா. வாசிக்கக் கூடாதுன்னேன். அதோட சரி.”

சவரிராயன் முப்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அடித்திருக்கிறார். எதுவும் இப்படி வலித்ததில்லை.

“அந்த ஞானி சொன்னபடிதானே ஐயா செஞ்சேன். தப்பா?”

கவிஞர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் முகமும் களைத்துத்தான் இருந்தது.

“எங்க மாமா பெட்டியில அந்த ஞானியோட புத்தகம் இருந்தது. தமிழ்ல வந்தது. தொடக் கூடாதுன்னு மாமா உத்தரவு. திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போய், வைக்கோல்போர் மறைவுல வச்சு வாசிச்சேன். பாதி புரியலை. பன்னிரண்டு வயசுவரை புத்தகம் ஆகாதுங்கிற இடம் மட்டும் நல்லாப் புரிஞ்சது.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“பதினொண்ணு.”