தண்ணீர் ஓடக் கற்றுக்கொண்ட நாள்

பறவையும் மூங்கிலும் தண்ணீரும் மனிதரிடம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தண்ணீருக்கு ஒரே நடைதான். அகலமான ஓடையானாலும் சரி, ஒடுங்கிய பாறை இடுக்கானாலும் சரி, அதே நிதானம். இடுக்கு வந்தால் முன்னால் வந்தது கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். பின்னால் வந்தது தன் முறை வரட்டும் என்று நின்றுவிடும். நிற்க நிற்கக் கூட்டம் சேர்ந்து கரை உடையும். அதனால் பருத்த மூங்கில் குழாயோடு ஒல்லியான குழாயை யாரும் பொருத்துவதில்லை.

மலைச்சரிவில் மாடத்தி என்பவள் தினை விதைத்திருந்தாள். பருத்த மூங்கில்களின் கணுக்களைக் குடைந்து, ஒன்றில் ஒன்றைச் செருகி, மேலே இருந்த சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் உள்ளே வரும்போது மூங்கில் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டே வரும். மூங்கிலுக்கும் அந்தப் பாரம் பிடித்துத்தான் இருந்தது.

குழாய் வாய்க்கு எதிரே ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை முட்டையிடப் போய், வாசலை உள்ளிருந்தே மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நீளும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும்.

"பொண்டாட்டியைப் பூட்டி வெச்சுட்டு நீ ஊர் சுத்துறியாக்கும்?" என்பாள் மாடத்தி.

"பூட்டினது அவதான், அக்கா. நான் வெளியே மாட்டிக்கிட்டவன்."

"இத்தனூண்டு ஓட்டையில கொடுத்து எப்ப வயிறு நிறைய?"

"ஓட்டை சின்னதுன்னா பசியும் சின்னதாயிருமா? ஒண்ணொண்ணா, வேக வேகமாக் கொடுப்பேன்."

கோடையில் ஒரு மத்தியானம் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. தீ மரத்தைச் சுற்றி வளைத்தது. பொந்துக்குள் குஞ்சுகள். தாய்க்கோ இறகெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது, பறக்க வழியில்லை. ஆண் பறவை அலகால் மண்சுவரைக் கொத்தியது. அது கல்லாக இறுகிக் கிடந்தது.

மாடத்தி குடத்தோடு ஓடினாள். அனல் கிட்டே விடவில்லை. குழாய்த் தண்ணீரோ குழாய் வாயடியிலேயே சாவகாசமாக விழுந்துகொண்டிருந்தது.

சின்ன ஓட்டையில் வேக வேகமாகக் கொடுப்பேன் என்று பறவை சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. குடிசைக்குள் போய் அடுப்பு ஊதும் ஒல்லியான ஊதாங்குழலை எடுத்துவந்தாள். குழாய் வாயில் செருகி, ஈரமண்ணும் முந்தானைக் கிழிசலும் வைத்து அடைத்தாள்.

"என்னைப் பிளக்கவா பாக்கிறே?" என்றது மூங்கில். "உன் தினை காஞ்சு போயிருமே."

"போகட்டும். உள்ளே பிள்ளைங்க கிடக்கு."

ஊதாங்குழலில் ஒரு நூல் தண்ணீர்தான் கசிந்தது. பின்னால் வந்ததெல்லாம் நின்றது. மூங்கில் முறுகி முனகியது.

"ஏன் நின்னுட்டே?" என்றாள்.

"வாசல் சின்னது. முறைப்படிதானே போகணும்?" என்றது தண்ணீர்.

ஆண் இருவாச்சி குழாய்மேல் வந்து உட்கார்ந்தது. புகையில் அதன் குரல் கம்மியிருந்தது.

"இதைவிடச் சின்ன வாசல்ல நான் தினமும் நிக்கேன். நிதானமா நின்னிருந்தா அவ என்னைக்கோ போயிருப்பா. உள்ளே வந்தது அத்தனையும் வெளியே போயாகணும். வாசல் ஒடுங்கினா காலை எட்டிப் போடு."

தண்ணீர் யோசித்தது. "ஓடினா சாய்ஞ்சுக்க முடியாதே."

"முடியாதுதான்," என்றது பறவை. "நான் சாய்ஞ்சு ரொம்ப நாளாச்சு."

தண்ணீர் ஓடியது. ஊதாங்குழலின் சுவரைத் தொட்டும் தொடாமலும் பாய்ந்து, வெளியே ஒரு கோலாக நீண்டு தீயின்மேல் விழுந்தது. மாடத்தி குழலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். மரத்தடி கருகிப் புகைந்து, தீ மெல்ல அணைந்தது. மூங்கில் பிளக்கவில்லை.

வெகுநேரம் பொந்திலிருந்து சத்தமே இல்லை. பிறகு கீறல் வழியே ஓர் அலகு நீண்டது. பசி. ஆண் பறவை அப்படியே பழம் தேடப் பறந்தது.

"என்மேல கொஞ்சங்கூடச் சாயாமப் போயிட்டியே," என்றது ஊதாங்குழல்.

"உன்கிட்ட வரும்போது அவசரம்," என்றது தண்ணீர். "மனசுல வெச்சுக்காதே."

அன்றைக்குப் பழகியதை அது இன்றுவரை விடவில்லை. அகன்ற குழாயில் சுவரில் சாய்ந்து மெல்ல நடந்துவரும் தண்ணீர், ஒடுங்கிய இடம் வந்ததும் சாய்வதை விட்டுவிட்டு ஓடுகிறது, அந்தப் பக்கம் யாரோ மூச்சுமுட்டிக் காத்துக்கிடப்பதுபோல.