குறையாத குதிர்

முன்னொரு காலத்தில், மழை பிந்திப்போன ஓர் ஆண்டில், ஓர் அரசன் மாமனார் ஊருக்கு விருந்துக்குப் போனான். அங்கே அரண்மனைக் குதிரில் நெல் விளிம்பு வரை நின்றதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று.

"நம் குதிர் மட்டும் ஏன் நாளுக்கு நாள் இறங்குகிறது?" என்று திரும்பி வந்ததும் அவையில் கேட்டான்.

தின்பதால் இறங்குகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விகடகவி சாத்தப்பன் சொல்லியிருப்பான். ஆனால் இருபது வருஷமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவன் ஓய்ந்துபோயிருந்தான். தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அறுவடையின் கடைசி நெல்லும் வந்து இன்று குதிர் நிறைந்துவிட்டது. இனி ஒரு விரற்கடை இறங்கினாலும் பொறுப்பாளனின் தலை இராது" என்றான் அரசன்.

அமைச்சன் வேளாதித்தன் எழுந்தான். சாத்தப்பனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "மன்னா, இந்தப் பொறுப்புக்குத் தகுந்தவர் நம் விகடகவியே" என்று பணிந்து சொன்னான்.

சாத்தப்பனுக்குக் கண்ணி புரிந்தது. புது ஏரிக்கு மண் சுமப்பவர்களுக்குக் கூலி அந்தக் குதிரிலிருந்துதான் தினமும் போகிறது. அளந்தால் தலை போகும். அளக்காவிட்டால் அவர்கள் பட்டினி. மழைக்கு முன் கரை எழும்பாது. பழியும் தன் தலையில் விழும்.

"ஒரே ஒரு அனுமதி வேண்டும் மன்னா" என்றான் சோர்வாக. "குதிர் நிறைய, அதிலிருந்து வெளியே போன நெல்லையே திருப்பி எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக எடுத்துக்கொள்" என்று சொல்லி அரசன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

வீட்டில் மனைவி தேவானை கஞ்சியை வைத்துவிட்டு, "இந்த வாட்டி என்னங்க?" என்றாள்.

"குதிருக்குக் காவல்."

"முடியாதுன்னு சொல்லக் கூடாதா? முட்டி வலியோட எத்தனை நாளைக்கு ஓடுவீங்க?"

"நான் முடியாதுன்னு சொன்னா அந்த மண்ணு சுமக்கிறவங்களுக்கு யாரு அளப்பா, சொல்லு" என்றான். தேவானை இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் காலை ஏரி ஆட்கள் வந்தார்கள். சாத்தப்பன் குதிரின் அடித்துளையைத் திறந்து வழக்கம்போல் அளந்தான். நெல் இறங்கியது. உடனே வண்டிகளோடு வேளாதித்தன் வீட்டுக்குப் போனான். ஆண்டு முழுமைக்குமான சம்பளப் படி நெல்லை அமைச்சர்களெல்லாம் அறுவடை நெல் வந்ததுமே குதிரிலிருந்து அள்ளிப் போய் வீட்டில் அடுக்கிவைப்பது வழக்கம். அதில் பாதிக்கு மேல் எலிக்குத்தான் போகும். மோதிரத்தைக் காட்டி மூட்டைகளை ஏற்றி வந்து குதிரின் மேல்வாயில் கொட்டினான். நெல் விளிம்பைத் தொட்டது.

கீழே எவ்வளவு போனதோ அவ்வளவு மேலே. தினமும் அதே வேலை. அமைச்சர்களின் வீடுகள் காலியானதும் அரண்மனை மடைப்பள்ளிக்கு வந்தான். அங்கே குவித்திருந்ததையும் வண்டியில் ஏற்றினான்.

அன்று நடுப்பகலில் அரசன் இலை முன் அமர்ந்தான். குழம்பு வந்தது. கூட்டு வந்தது. சோறு வரவில்லை.

"சாத்தப்பன் எங்கே?" என்று முழங்கினான்.

சாத்தப்பன் முழங்காலைப் பிடித்தபடி வந்து நின்றான்.

"குதிரிலே நெல் இல்லையா?"

"நிறைந்திருக்கிறது மன்னா. வந்து பார்க்கலாம்."

"நிறைந்திருந்தால் என் இலையில் ஏன் சோறு இல்லை?"

"இலைக்கு வந்தால் அங்கே இறங்கிவிடுமே! தாங்கள் பார்ப்பதற்கு நெல் கேட்டீர்கள், உண்பதற்குக் கேட்கவில்லை."

வேளாதித்தன் பாய்ந்து வந்தான். "மன்னா, இவன் எங்கள் வீடுகளைத் துடைத்துவிட்டான்! என் பிள்ளைகள் கிழங்கு தின்கிறார்கள்!"

"எங்கிருந்து போன நெல் அது, அமைச்சரே?" என்றான் சாத்தப்பன். குரலில் கேலி இல்லை, அதற்கும் தெம்பில்லை. "ஓர் ஆண்டு நெல்லை ஒரே நாளில் அள்ளினால் எந்தக் குதிர்தான் இறங்காது? அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குங்கள். அடுத்த அறுவடை வரைக்கும், மழை பிந்தினால் இன்னும் கொஞ்ச நாளைக்கும் தாங்குகிற நெல் உள்ளே இருந்தால் போதும் மன்னா. மற்றது சோறாகட்டும்."

அரசன் வெற்று இலையைப் பார்த்தான். கிழங்கு என்று கேட்டதிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஆணையை அங்கேயே திரும்பப் பெற்றான். அமைச்சர்களுக்கு இனி அன்றாடப் படிதான், ஏரி ஆட்களோடு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"தங்களுக்கு அடுத்த ஆசை வரும்வரை தூங்க அனுமதி, மன்னா."

அரசன் மறுபடியும் சிரித்தான். தன் பட்டுச் சால்வையைப் போர்த்தி, தன் பல்லக்கிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பினான். தெருமுனை தாண்டுமுன் சாத்தப்பன் தூங்கிப்போனான். வீட்டு வாசலில் பல்லக்கை இறக்கியதும் தூக்கி வந்தவர்களில் ஒருவன் எழுப்பக் கை நீட்டினான்.

"எழுப்பாதடா" என்றான் முன்னால் தூக்கி வந்தவன். அவன் தம்பி ஏரியில் மண் சுமப்பவன். "பல்லக்கு நிழல்லதான இருக்கு. கிடக்கட்டும்."

நால்வரும் ஓசைப்படாமல் நடந்து போனார்கள்.