மோட்டாருக்கு ஒரு சுற்றறிக்கை

இரும்பு உருக்கும் ஆலை ஒன்று. அதில் உலைக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார். மூன்று தடவை எரிந்து போனது. மூன்று தடவையும் அதற்குப் புதிதாகச் செம்புக் கம்பிச் சுருள் கட்டியவள் செல்லக்கனி.

"நாலாவது தடவை எரிஞ்சா உனக்கு வேலை இல்லை," என்றார் மேனேஜர் திருவேங்கடம்.

"ஐயா, கம்பி மேல போட நீங்க வாங்கித் தர்ற பி கிளாஸ் இன்சுலேஷன் உறை, சுத்துப்புறம் நாப்பது டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அங்கே எழுபது. அதிகச் சூடு தாங்குற ஹெச் கிளாஸ் வாங்குங்க."

"எழுபதா? யாரைக் கேட்டு?" என்று சீறினார் மேனேஜர். உடனே சுற்றறிக்கை போட்டார்: 'உலையடியில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. மோட்டார் இதை ஏற்று நடக்க வேண்டும்.'

அந்த ஆலையில் எந்த உத்தரவையும் சம்பந்தப்பட்டவர் முன்னால் மேனேஜரே நின்று வாசிக்க வேண்டும். வாசிக்காத உத்தரவு செல்லாது. அவரே வைத்த சட்டம்.

"மோட்டாருக்கு இன்னும் வாசிக்கலையே ஐயா," என்றாள் செல்லக்கனி.

மேனேஜருக்கு நியாயமாகத்தான் பட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு போய் மோட்டார் முன்னால் நின்றார். முதல் வரியைக் கம்பீரமாக வாசித்தார். இரண்டாம் வரியில் மூக்குக்கண்ணாடி சுட்டது. மூன்றாம் வரியில் கோட்டைக் கழற்றி எறிந்தார். நாலாம் வரிக்கு ஆள் இல்லை. வெளியே தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க மூணு வரி நின்னீங்க. அது மூணு ஷிஃப்ட் நிக்கணும்," என்றாள்.

"ஹெச் கிளாஸே வாங்கித் தொலை!"

"எழுத்துல கொடுங்க ஐயா."

ஈரக் கையால் எழுதிக் கொடுத்தார்.